தானை என்றால் படை

அந்த நாளில் கல்கத்தாவில் தாடி வைத்த பையன் வீட்டில் இருந்தாலே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நக்சல் வேட்டை நடந்த வருஷங்கள் அவை. என் தம்பி காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். எந்தக் கட்சியிலும் கிடையாது, தாடி மட்டும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு லேக் மார்க்கெட் பக்கம் ஒற்றை அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மிச்ச நேரத்தில் மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்குச் சரித்திரத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ்நாட்டுக் கோட்டை ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. என் பாண்டிய இளவரசன் எந்த வழியாக உள்ளே நுழைகிறான் என்று எனக்கே குழம்பிப் போயிற்று.

"நம்ம லேக் இருக்கே, அதையே அகழின்னு வெச்சுக்கோயேன்," என்றான் தம்பி. உட்கார்ந்து படமும் போட்டுக் கொடுத்தான். தெற்கே ரயில் பாதை மதிலாயிற்று. தீவுக்குப் போகும் தொங்குபாலம் அப்படியே கோட்டைப் பாலம். வடக்கே ஒரு வட்டம். எதிரியின் படை தங்கியிருக்கும் இடம் அது. அதில் 'தானை' என்று எழுதச் சொன்னேன். படை என்றே எழுதித் தொலைத்திருக்கலாம். சரித்திரக் கதையென்றால் கொஞ்சம் கம்பீரம் வேண்டாமா?

ஒரு காலையில் எங்கள் சந்துக்குள் போலீஸ் நுழைந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியை அப்படியே இழுத்து வேனில் ஏற்றினார்கள். மேஜையில் கிடந்த அத்தியாயத்தையும் படத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு பெங்காலி மாமி, மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம், ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். முந்தின வாரம்தான் என் கையால் ரசம் வாங்கிக் குடித்தவள்!

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே இன்ஸ்பெக்டருக்கு எதிரே, எங்களுக்கு உளுந்தும் புளியும் விற்கிற திருநெல்வேலி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். தமிழ் வாசிக்க ஆள் வேண்டுமென்று கடையிலிருந்து கூட்டி வந்துவிட்டார்களாம். 'தானைக்குத் தீ வையுங்கள்' என்று என் இளவரசன் ஆணையிடும் வரியை வாசித்தார். அர்த்தம் சொல்லச் சொன்னார்கள். தெரிந்த வார்த்தைகளை ஹிந்தியாக்கினார், தெரியாததை அப்படியே விட்டுவிட்டார்.

"தானை மே ஆக் லகாவ்."

பெங்காலியில் 'தானா' என்றால் போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஸ்டேஷனுக்குத் தீ வை! போதாததற்குப் படத்தில் இருப்பது அவர் தினமும் நடந்து போகிற ஏரி. வட்டம் போட்ட இடம் ஏறக்குறைய அவர் மேஜை!

"அண்ணாச்சி, தானைன்னா படைன்னு சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

"எனக்கு என்ன எழவு தெரியும் தாயி? அரிசி பருப்பு யாவாரத்துல அந்தச் சொல்லு வரலியே!" மனுஷர் அழுதேவிட்டார். அவரைக் கோபித்து என்ன பயன்?

உள்ளே ஒரு கதவு சாத்தியிருந்தது. தம்பி அதற்குப் பின்னால் இருந்தான். நான் மேஜையைத் தட்டித் தட்டி, "தானா இல்லை, ஷொய்ன்னோ! ஷொய்ன்னோ!" என்று படைக்கு உள்ள பெங்காலி வார்த்தையைக் கூவினேன். ராஜா, அகழி, குதிரை என்று மூச்சுவிடாமல் முழுக் கதையையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. ரகசிய பாஷை பேசுகிறேன் என்றார். காலில் விழுந்தேன். வெட்கம் மானம் எல்லாம் எங்கே போயிற்றோ, தெரியாது.

அண்ணாச்சிக்குத்தான் தோன்றிற்று. "பொஸ்தகத்துல படம் போட்டு வருதுல்லா? அதக் கொண்டாந்து காட்டும்மா!"

பைத்தியக்காரிபோல் வீட்டுக்கு ஓடிப் பழைய இதழ்களை அள்ளிக்கொண்டு வந்தேன். பக்கத்தைப் புரட்டினால், பெரிய மீசையும் கிரீடமுமாகக் குதிரை மேல் என் ராஜா. இன்ஸ்பெக்டர் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, ராஜா ராணி கொல்போ! கதைன்னு முதல்லயே சொல்லக்கூடாதா, தீதி?"

அடப் பாவி, அதைத்தானே காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன்! அவர் எனக்கு டீ சொன்னார். கொதித்த கொதிப்பில் அதை அவர் முகத்திலேயே வீசியிருப்பேன். கதவுக்குப் பின்னால் தம்பி இருந்தானே, குடித்தேன்.

அப்படியும் மறுநாள்தான் விட்டார்கள். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். வலது கை விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். சின்னக் குழந்தைபோல் வாயைத் திறந்தான். என்ன செய்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் பேசாமலே நாட்கள் போயின. ஒரு மத்தியானம் பத்திரிகையிலிருந்து ஆசிரியர் எழுதிய கார்டு வந்தது. இளவரசன் பாதாளச் சிறையில் அகப்பட்டு வதைபடும் அத்தியாயத்தை இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதினால் வாசகர்கள் ரசிப்பார்களாம். கிழிக்கப் போனேன்.

"என்னது அது?" என்றான் தம்பி.

இத்தனை நாள் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. பொய் சொல்லத் தோன்றவில்லை, படித்துக் காட்டினேன்.

"எழுது," என்றான். "ஆனா, இளவரசன் பல்லைக் கடிச்சுண்டு சத்தம் போடாம இருந்தான்னு மட்டும் எழுதாதே. கத்துவான். அக்கா, அக்கான்னு கத்துவான்."