இல்லாத வீட்டுக்காரர் பிடித்த பைப்

நான் பைப் பிடிக்கிறவள். புகையிலை அடைத்துப் பற்றவைக்கிற பைப். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்கேயாவது சொன்னால் "ஐயையோ, பொம்பளையா!" என்று யாராவது பக்கத்தை மூடிவிடுவார்கள். மூட நினைப்பவர்கள் இப்போதே மூடிக்கொள்ளலாம். உடம்புக்குக் கெடுதல் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார், அம்மா அழுதிருக்கிறாள், டப்பாவின் மேலேயே படம் போட்டிருக்கிறது. தெரிந்துதான் பிடிக்கிறேன்.

பழக்கம் டென்மார்க்கில் வந்தது. கம்பெனி என்னை இரண்டு வருஷம் அங்கே அனுப்பியிருந்தது. மழையும் குளிரும் மாறி மாறி ஆளைத் தின்கிற ஊர். ஒரு நாள் குடையில்லாமல் நனைந்துகொண்டு தெருமுனைக் கடைக்குள் ஒதுங்கினேன். புகையிலைக் கடை. கடைக்காரப் பெண்மணி ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, முகர்ந்து பார் என்றாள். உலர்ந்த அத்திப்பழ வாசனை, அதற்கு அடியில் லேசாகப் புளிப்பு. "காட்டமா வேணுமா, மிதமா வேணுமா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வேலைக்காகப் போன ஊர்களில் எல்லாம், ஹாம்பர்க்கானாலும் லிஸ்பனானாலும், பெட்டியை ஓட்டலில் வைத்தவுடன் நல்ல புகையிலைக் கடை எங்கே என்று கிளம்பிவிடுவேன். நல்ல கடையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே வழிதான். கெட்ட கடைக்காரன் டப்பாவைக் காட்டுவான். நல்ல கடைக்காரன் மூடியைத் திறந்து மூக்குக்கு நேராக நீட்டுவான்.

பிறகு பெங்களூருக்கு மாற்றல் வந்தது. எனக்குச் சொந்த ஊர் ராணிப்பேட்டை. ஓசூரைத் தாண்டினால் எனக்கு அதுவும் வெளிநாடுதான். ஈஜிபுராவில் மாடி வீடு பிடித்தேன், குக்கர் வாங்குவதற்கு முன்பே கடை தேடப் புறப்பட்டேன். முதல் கடையில் "பைப்புக்குப் போடறது இருக்கா?" என்று கேட்டேன். "அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?" என்றார். ஹார்டுவேர் கடையில் போய் நிற்கிறேன் என்பது போர்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அனுப்பி வைத்தது எங்கள் ஆபீஸ் செக்யூரிட்டி. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, "பைப்" என்றுதான் நானும் கேட்டேன்.

அடுத்தது கன்னடம் செய்த வேலை. அப்போது எனக்குக் கன்னடத்துக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்திருந்தது. தமிழில் 'ப' இருக்கிற இடத்தில் 'ஹ' போட்டுவிட்டால் பாதிக் கன்னடம் முடிந்தது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. இந்தக் கணக்கில் புகையிலையை நானே மொழிபெயர்த்துக்கொண்டு, தெருவில் பெட்டிக்கடை வைத்திருந்த அம்மாவிடம் போய், அழுத்தம் திருத்தமாக, "ஹோகே... எலே... இதியா?" என்றேன். அந்த அம்மா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"யாரிகே ஹோகே அந்தீயா?" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், தெருவே திரும்பியது.

பீடி வாங்க நின்றிருந்த ஒரு மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தமிழர். "மேடம், நீங்க அந்தம்மாவை 'போடி, ஏய்'னு சொல்லிட்டீங்க. பொகைன்னா ஹொகெ, குட்டையா சொல்லணும், நீட்டினா போடின்னு ஆயிடும். பொகையிலைக்கு இங்க ஹொகெசொப்பு. சொப்புன்னா கீரை. இவங்களுக்குப் பொகையிலையும் ஒரு கீரைதான்" என்றார். நான் இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மேஸ்திரிதான், கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கடையில் துரைமார் காலத்திலிருந்து பைப்புக்கான சரக்கு விற்பதாகவும் தான் அங்கே பெயின்ட் அடித்திருப்பதாகவும் சொல்லி வழி காட்டினார்.

போனேன். ஆட்டோ நிற்கக்கூட இடமில்லாத சந்தில், ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு கடை. உள்ளே அலமாரி முழுக்கப் பீங்கான் ஜாடிகள். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். எனக்கு வேண்டியதைச் சொன்னேன். வர்ஜீனியா இலை, கொஞ்சம் புளிக்கவைத்த கறுப்பு இலை கலந்தது. அவர் புருவத்தைத் தூக்கினார். ஒரு ஜாடியை இறக்கி, மூடியைத் திறந்து, என் மூக்குக்கு நேராக நீட்டினார். அடடா! அந்த டென்மார்க் கடைக்கே திரும்பப் போய்விட்ட மாதிரி இருந்தது. பெங்களூர்க் காற்றில் எதை வைத்தாலும் ஒரு வாரத்தில் சருகாகிவிடும், இந்த மனிதர் மட்டும் எப்படியோ அதை ஈரம் குறையாமல் வைத்திருந்தார்.

பொட்டலம் கட்டிக்கொண்டே, "யாருக்கும்மா?" என்றார்.

"அவருக்குத்தான்."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. செய்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெண்களின் வாயில் அந்தச் சொல் எங்கேயோ தயாராக உட்கார்ந்திருக்கிறது. 'அவர்' என்று சொன்னால் போதும், பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், எதிரில் இருப்பவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். கடைக்காரரும் கேட்கவில்லை. "சாருக்கு நல்ல டேஸ்ட்டு" என்றார். அன்றைக்கு எனக்கு ஒரு வீட்டுக்காரர் பிறந்தார்.

நாலு வருஷம் அந்த மனிதரை வைத்துக் குடும்பம் நடத்தினேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்களே, அது குறைந்த கணக்கு. சார் ஏன் வருவதில்லை? கப்பல் வேலை. இப்போது எங்கே இருக்கிறார்? ஆப்பிரிக்கா பக்கம். கப்பலில் பைப் பிடிக்க விடுவார்களா? மேல்தளத்தில் விடுவார்கள். "சாருக்குச் சொல்லுங்கம்மா, இந்தத் தடவ ஈரம் ஜாஸ்தி, ஸ்வல்ப நேரம் ஆற வுட்டு அப்பறமா அடைக்கச் சொல்லுங்க" என்பார். "சொல்றேங்க" என்பேன். வீட்டுக்குப் போய் ஆறவிட்டு அடைப்பேன்.

ஒரு தடவை பிடிக்கும்போது ஏதோ இடறியது. அடுத்த முறை போனபோது, "ஈரம் காயாம இருக்க ஜாடியில ஆரஞ்சுத் தோல் போட்டீங்களாமே? எப்பவும் ஆப்பிள்தானே போடுவீங்கன்னு கேக்கச் சொன்னார்" என்றேன். கடைக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. வாசலில் நின்றிருந்த வாடிக்கையாளர்களிடம் திரும்பி, "பார்த்தீங்களா? ஒரே ஒரு வாரம் ஆப்பிள் இல்லேன்னு ஆரஞ்சு போட்டேன். சாரு புடிச்சுட்டாரு! நாக்குன்னா அது நாக்கு!" என்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். என் நாக்கு. என் மூக்கு. பேரெல்லாம் ஆப்பிரிக்கா பக்கம் போகிறது. இல்லாத ஒரு ஆள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த வயிற்றெரிச்சல் உயிரோடு இருக்கிற யார் மேலும் வந்ததில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை கடைக்காரர் விஷயத்தை உடைத்தார். அந்தக் கலவையை மாதாமாதம் வாங்குவது சார் ஒருத்தர்தான், ஜாடி அடியில் தங்கிப்போகிறது, நிறுத்திவிட்டுப் புதுக் கலவை ஒன்று வைக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார். இந்த ஊரில் அது வேறு எங்கேயும் கிடையாது, நான் தேடாத இடமில்லை.

"நாளைக்குக் காலையில நம்ம ரெகுலர் ஆளுங்க நாலு பேரு வர்றாங்க. ரெண்டு கலவையும் புடிச்சுப் பாத்துட்டு எது வேணும்னு சொல்வாங்க. சார் லீவுல வந்திருக்காருன்னு சொன்னீங்களே, அனுப்புங்க. சாரு வந்து ஒரு வார்த்த சொன்னா நான் ஆர்டர் போட்டுடுவேன்" என்றார்.

லீவில் வந்திருக்கிறார் என்று போன தடவை என் வாய்தான் உளறியிருந்தது. வீட்டுக்கு வந்து, உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா, யாராவது நண்பரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஆபீஸில் கூட வேலை செய்கிறவர் ஒருத்தரைப் போனில் கூப்பிடப் போனேன், அவர் புகை பட்டாலே இருமுவார் என்று ஞாபகம் வந்தது. அப்போதுதான் எனக்கே என் மேல் கோபம் வந்தது. என் பைப்பைப் பிடிக்க நான் வாடகைக்கு ஆள் தேடுகிறேனா? தூ!

ஞாயிற்றுக்கிழமை காலை நானே போனேன். பைப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னால் திறந்த முற்றத்தில் ஸ்டூல் போட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாருக்கென்று ஐந்தாவது ஸ்டூல் காலியாக இருந்தது.

"சாரு வர்லியாம்மா?" என்றார் கடைக்காரர்.

"சார்னு யாரும் இல்லீங்க. நாலு வருஷமா நான்தான் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பைப்பை எடுத்து, அடைத்து, அமுக்கி, பற்றவைத்தேன்.

ஒருத்தர் தன் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பொம்பளைங்க புடிச்சா ஒடம்புக்கு ஆவாதும்மா" என்றார்.

"உங்க உடம்புக்கு ரொம்ப ஆகுதுங்களா?" என்றேன். அவர் மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது. "நாலு வருஷமா என்கிட்ட சுள்ளு சொல்லிக்கினு இருந்தீங்களா? கப்பலு, ஆப்பிரிக்கா, எல்லாம் சுள்ளா?"

"ஆமாங்க, பொய்தான். தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். இங்க உக்காந்திருக்காங்களே, இவங்க யாரையாவது நீங்க என்னைக்காவது 'யாருக்கு'ன்னு கேட்டிருக்கீங்களா?"

நான் இரண்டு கலவையையும் பிடித்துப் பார்த்தேன். புதுக் கலவையில் வாசனைத் திரவம் தூக்கலாக இருக்கிறது, மூன்றாவது இழுப்பில் நாக்கு எரிகிறது, பழையதுதான் சரக்கு என்று சொன்னேன். நாலு பேரில் இரண்டு பேர் தங்களை அறியாமல் தலையாட்டிவிட்டார்கள்.

கடைக்காரர் என்னைக் கடைக்குள் தனியாகக் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொன்னது கரெக்டு. நாக்கு உங்க நாக்குதான். நான் ஆர்டர் போடறேன். ஆனா ஒண்ணு. கடையில நாலு பேரு இருக்கறப்ப 'சாருக்கு'ன்னே சொல்லி வாங்கிக்கினு போயிடுங்க. ஏரியாவுல பேச்சு வந்தா எனக்கு பேஜாரு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா."

ஸ்வல்ப அட்ஜஸ்ட்! இந்த ஊரில் பஸ் சீட்டிலிருந்து வாடகை வீடு வரைக்கும் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வது. நானும் பண்ணாத அட்ஜஸ்ட்டா? நாலு வருஷமாக ஒரு ஆம்பளையையே உண்டாக்கி அட்ஜஸ்ட் பண்ணியிருக்கிறேன். என் நாக்கை நம்பிச் சரக்கும் விற்க வேண்டும், அந்த நாக்குக்கு மீசையும் இருக்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடலாமா என்றுதான் பார்த்தேன். ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, மூடியை மீறி வாசனை வந்துகொண்டிருந்தது.

"அவர் செத்துட்டாருங்க" என்றேன்.

"என்னம்மா?"

"சார். நேத்து ராத்திரி போய்ச் சேர்ந்துட்டார். இனிமே வரமாட்டார்."

"சிவ சிவா! வெள்ளிக்கெழம பொறந்த மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க, வாயில வர்ற வார்த்தயா இது?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இப்படிப் பேசினா நான் ஆர்டர் போட மாட்டேன்."

"போடாதீங்க. ஜாடியில மிச்சம் இருக்கறதைக் கட்டிக் குடுங்க."

கட்டிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு வரும். நான் மூன்று மாதம் ஓட்டினேன். கடைசி நாள் டப்பாவின் மூலையை நகத்தால் சுரண்டி எடுத்து அடைத்தபோது அழுகை வந்தது. போயும் போயும் புகையிலைக்கு அழுகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அழுதேன். நல்ல கடை ஒன்றை இழந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஒரு மாலில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் வாங்குகிறேன். அங்கே ஜாடி கிடையாது, முகர்ந்து பார்க்க விட மாட்டார்கள். முதல் நாள் கவுன்டரில் இருந்த பெண் தமிழில்தான் பேசினாள்.

"கிஃப்ட் பேக் பண்ணணுமா மேடம்? ஹஸ்பெண்டுக்கா?"

"எனக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டப்பாவைத் திருப்பி அடியில் இருந்த தேதியைப் படித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது பழைய ஸ்டாக் மேடம், நல்லா காஞ்சு போயிருக்கும். தொண்டை எரியும்" என்றாள்.

"தெரியும்மா" என்றேன். "குடு."