இரண்டு நாள் குறைந்த தளம்

வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கிணறு எங்கே வெட்டலாம், ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்பார்கள். நான் கூரைத் தளத்தைப் பற்றித்தான் சொல்வேன். அதைத் தட்டி முடிக்கும்வரை யாருக்காகவும் நிறுத்தாதீர்கள் என்பேன். ஏன் என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

யுத்த காலம் அது. பர்மா தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. என் கணவருக்குக் கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை ரயிலில் சிதம்பரம் வந்து திங்கட்கிழமை காலை திரும்பிவிடுவார். துறைமுகத்துப் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்குக் கட்டைகளைப் பார்த்து வாங்கி அனுப்பியது அவர். மற்றபடி கொத்தனாரோடு பேசுவது, வேலையைக் கவனிப்பது எல்லாம் நான்தான். நாங்கள் பழைய பின்கட்டில் குடியிருந்துகொண்டே முன்கட்டைக் கட்டினோம்.

பங்குனியில் தளம் போட்டார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்ட வேண்டும். பத்துப் பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு பாட்டுப் பாடியபடி தட்டுவார்கள். வீடே அதிரும். என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம்.

அந்த அதிர்வு வயிற்றுக்கு ஆகாது என்று எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. யாரும் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன். மேலே ஏறிப் போய், மெதுவாகத் தட்டக் கூடாதா என்று கேட்டேன். ஒருத்தி சிரித்தாள்.

"பேரப்புள்ள உள்ளேயே தாளம் கத்துக்கட்டுமேம்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னும் எத்தனை நாள்?" என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"தளம் இறுகி, தட்டுற கட்டை எகிறணும்மா. இப்போ பொத்துன்னு உக்காருது பாருங்க. இன்னும் ரெண்டு நாளு ஆவும்."

"ரெண்டு நாளெல்லாம் வேணாம். போதும். மேல ஓடு பதிச்சிடுங்க."

"அய்யா சனிக்கிழமை வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"நான் சொல்றேன்ல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்த்து, "கட்டையை வையுங்கம்மா" என்றார். கீழே வந்து மகளிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா, எதுக்கு நிறுத்தின?" என்றாள் அவள்.

சித்திரைக் கடைசியில் பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளைக்கு வடக்கே மாற்றலாகியிருந்ததால், தையில் அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். புது முன்கட்டில் காற்று நன்றாக வரும் என்று அங்கேதான் தேக்குக் கட்டையில் தூளி கட்டினோம்.

ஐப்பசி மழையில் தூளிக்கு நேர் மேலே தாம்பாளம் அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால், "அன்னைக்கே சொன்னேனே" என்பாரே என்று கூச்சம். மார்கழித் திருவாதிரைக்குச் சம்பந்தி வீட்டார் தேர் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. மழை விட்ட இரண்டு நாளில் வெள்ளையடிக்கச் சொன்னேன். ஈரம் மறைந்துவிட்டது. என் மனமும் சமாதானமாகிவிட்டது. இப்போது நினைத்தாலும் அந்தச் சமாதானம்தான் என்னை அதிகம் கூசவைக்கிறது.

தேருக்கு முந்தின நாள் காலை. சம்பந்தியம்மாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மகள் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் பொலபொலவென்று சுண்ணாம்பு கொட்டியது. அண்ணாந்து பார்த்தவள் தூளியின் மேல் கவிழ்ந்துவிட்டாள். இரண்டு செங்கல் விழுந்தன. ஒன்று தரையில். மற்றது, குழந்தையின் தலையை மூடியிருந்த அவள் இடது கையின் மேல்.

குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. மகளின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

என் கணவர் லீவில் வந்திருந்தார். கொத்தனாரை வரவழைத்துச் சம்பந்தி வீட்டார் எதிரிலேயே கத்தினார். "என்னய்யா தளம் போட்ட? ஒரு மழைக்குத் தாங்கலை! இதுல மேலவீதியில வேற வேலை பேசியிருக்கியாமே?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சம்பந்தியம்மாள் என் பக்கத்தில் நின்றார். நான் மகளின் கைக்கட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"தப்பு நடந்துபோச்சுங்க. பிரிச்சுத் திருப்பிப் போட்டுத் தரேன்" என்றார் அவர்.

தையில் பிரித்தார்கள். மறுபடி அதே பெண்கள், அதே கட்டைகள். ஆனால் பாட்டு இல்லை. மூன்றாம் நாள் என் கணவர் மேலே நின்று, "இந்தத் தடவையாவது ஒழுங்கா தட்டுங்க" என்றார். ஒரு பெண் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். தாளம் கத்துக்கட்டும் என்று சிரித்தவள்தான்.

"ஏங்க," என்றேன். "அன்னைக்கு நிறுத்தச் சொன்னது நான். கொத்தனாரு வேணாம்னாரு. நான்தான் கேக்கலை. ஈரம் தெரிஞ்சப்போ வெள்ளையடிச்சு மறைச்சதும் நான்தான்."

என் கணவர் படியில் இறங்கிப் போனார். கீழே இருந்த மகள் காதிலும் அது விழுந்திருக்கும்.

கொத்தனார் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, "மேலவீதி வேலை கைவிட்டுப் போச்சும்மா," என்றார். "அய்யா சொன்னது அவுங்க காதுக்கும் போயிடுச்சு. இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் நீங்க."

அன்று சாயங்காலமே மேலவீதி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீட்டம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடடா, வேற ஆளு வந்து தட்டிக்கிட்டிருக்காங்களே" என்றார். மேலே சத்தம் கேட்டது. கட்டை இன்னும் பொத்தென்றுதான் உட்கார்ந்துகொண்டிருந்தது. எகிறும்வரை விடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் தளம் அதற்குப் பிறகு ஒழுகவில்லை. மகள் கைக்குழந்தையோடு வரும்போதெல்லாம் தூளிக் கயிற்றை நான்தான் முடிகிறேன். அவள் விரல்களால் முடிச்சுப் போட முடியாது. மழைக்காலத்தில் தினமும் அண்ணாந்து பார்க்கிறேன். யார் யோசனை கேட்டு வந்தாலும் அந்தக் கொத்தனாரின் வீட்டுக்கும் வழி சொல்கிறேன். சிலர் போகிறார்கள். பலர், "உங்க வீட்டுத் தளம் விழுந்ததே, அவரா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.