ஒண்ணுமில்லை என்ற சொல்

மாசி மாதத்து ஒரு முற்பகல். மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு அர்த்தனாரி மலை இறங்கிக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக அதே ரோடு, அதே வேலை. எழுபது வளைவும் அவன் கைக்குப் பழக்கம். பாதி மலை இறங்கியிருப்பான், இடது கையில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. உதறினான், போகவில்லை. அடுத்த வளைவுக்குள் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்து, மூச்சு நின்று நின்று வந்தது. பிக்கப்பை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கக்கூட மறந்து, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அண்ணனுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான்.

கால் மணி நேரத்தில் எல்லாம் தானாக அடங்கியது. சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. லோடை இறக்கிவிட்டு நேராகச் சேந்தமங்கலத்தில் ஒரு டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்தான். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்குது" என்றார்.

வேறொருவனாக இருந்தால் அதைக் கேட்டதும் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு ஊர் திரும்பியிருப்பான். அர்த்தனாரிக்கு அந்தச் சொல்தான் பயமாக இருந்தது.

அவனுடைய அண்ணன் மாணிக்கம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் நெஞ்சு எரிகிறது என்றான். அர்த்தனாரிதான் பைக்கில் உட்கார வைத்து, மலைமேலேயே இருந்த ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனான். கேஸ்தான், ஒண்ணுமில்லை என்று இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வந்ததும் மாணிக்கம், "எதுக்கும் நாமக்கல் போய் ஒருக்காப் பாத்துட்டு வந்துரலாமா தம்பி?" என்று கேட்டான். அன்றைக்குப் பிக்கப்பில் கிழங்கு ஏற்றி நின்றது. வெட்டின கிழங்கை அன்றைக்கே ஜவ்வரிசி மில்லில் சேர்க்க வேண்டும். "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு, நீ வேற ஏண்ணா பயப்படற" என்று சொல்லி அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அர்த்தனாரி போய்விட்டான். மில்லில் லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மாணிக்கத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவன் கேட்ட அந்த ஒரு கேள்வியை அர்த்தனாரி யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அர்த்தனாரிக்கும் அதே நாற்பத்தாறு.

முதல் டாக்டர் ஒண்ணுமில்லை என்றதும் இரண்டாவது டாக்டரிடம் போனான். பிறகு நாமக்கல், பிறகு சேலம். நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள், குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். எல்லா இடத்திலும் நார்மல். ரிப்போர்ட் கையில் இருக்கும் இரண்டு நாள் நெஞ்சு சும்மா இருக்கும். மூன்றாம் நாள் பின்கழுத்தில் சுரீர் என்று ஒன்று இழுக்கும். அல்லது உள்ளங்கால் மரத்துப்போகும். உடனே விரல் மணிக்கட்டில் நாடியைத் தேடும். போனை எடுத்து ஒவ்வொன்றாகத் தேடிப் படிப்பான். படிக்கப் படிக்க, அதில் சொன்ன அடையாளமெல்லாம் உடம்பில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். எட்டுக்கை அம்மனுக்குச் சேவல் அறுத்தும் பார்த்தாகிவிட்டது.

வண்டி ஓட்டப் பயமாகிவிட்டது. வளைவில் நெஞ்சு நின்றுவிட்டால் வண்டி பள்ளத்தில்தானே போகும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டான். மனைவி பெருமாயி காப்பித் தோட்டத்துக்குக் களை எடுக்கக் கூலிக்குப் போக ஆரம்பித்தாள். சொந்தக் காட்டு வேலையும் அவள் தலையில்தான். சாயங்காலம் மண்வெட்டியோடு அவள் வந்து நிற்கும்போது, அவன் கட்டிலில் உட்கார்ந்து பிரஷர் மெஷினைக் கையில் மாட்டிக்கொண்டிருப்பான்.

"ஏனுங்க, அது என்ன சொல்லுது?" என்று ஆரம்பத்தில் கவலையோடு கேட்டவள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஊருக்குள் அவனுக்கு 'ஈ.சி.ஜி.' என்று பேர் விழுந்தது. டீக்கடையில் அவன் தலை தெரிந்தால், "ஈ.சி.ஜி. வருது, சேரை எடுத்துப் போடுங்கப்பா, உழுந்துறப் போவுது" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்கும்போதே விரல் மணிக்கட்டுக்குப் போய்விடும்.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. கடைசியாக நாமக்கல்லில் ஒரு பெண் டாக்டர், அவன் கொண்டுபோன ஃபைல் கட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் தள்ளி வைத்துவிட்டு, "இது எப்ப ஆரம்பிச்சுது? உங்க ஊட்ல யாராச்சும் திடீர்னு தவறிட்டாங்களா?" என்று கேட்டார். அர்த்தனாரி அண்ணனைப் பற்றிச் சொன்னான். அண்ணன் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் அங்கேயும் விழுங்கிவிட்டான். பக்கத்தில் பெருமாயி இருந்தாள்.

"உங்க நெஞ்சுல கோளாறு இல்லீங்க. ஆனா உங்களுக்கு வர்ற படபடப்பு பொய்யில்லை, நிஜம். பயம் உடம்புல இப்படித்தான் வேலை செய்யும். மாத்திரை தர்றேன். மாசம் ஒருக்கா வந்து எங்கிட்டப் பேசோணும். படபடப்பு வர்றப்ப ஓடாதீங்க, உக்காந்து மூச்சை மெதுவா விடுங்க, அதுவே போயிரும்" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் ஒண்ணுமில்லை என்று சொல்லாத முதல் டாக்டர் அவர்தான். அர்த்தனாரிக்குக் கண் கலங்கியது. பெருமாயிக்குக் கலங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவள் கேட்டாள்.

"அப்ப நோவே இல்லையா?"

"பயம்னு சொன்னாங்கல்ல. அதுவும் நோவுதான்."

"பயத்துக்கா நான் இத்தனை நாளா அடுத்தவங்க தோட்டத்துல குனிஞ்சு கெடந்தேன்? ஏதாச்சும் ஒரு நோவா இருந்திருந்தாக்கூடத் தேவலைங்க. நாலு பேருகிட்டச் சொல்லவாச்சும் ஆகும்."

அவனுக்குள்ளும் அதே ஏமாற்றம்தான் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லிவிட்டாள் என்பதுதான் சுட்டது.

மாத்திரையில் படபடப்பு குறைந்தது. மூன்றாவது மாதம் டாக்டரிடம் தனியாகப் போனபோது அண்ணன் கேட்ட கேள்வியையும் சொல்லிவிட்டான். அண்ணியிடம் போய்ச் சொல்லலாமா என்று கேட்டான். "பாரம் இறங்கும்னு நினைச்சுப் போகாதீங்க. அவங்க என்ன சொன்னாலும் தாங்கிக்க முடியும்னா போங்க" என்றார் அவர். பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் அவன் போனான்.

மாணிக்கத்தின் மனைவி கண்ணாயி வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அர்த்தனாரி நின்றபடியே சொன்னான். அண்ணன் நாமக்கல் போகலாமா என்று கேட்டதை, தான் லோடுதான் பெரிது என்று போனதை, எல்லாவற்றையும். கண்ணாயி மிளகைக் கையால் பரப்புவதை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி" என்றாள். "படுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொன்னாரு. தம்பிக்கு நேரமில்லை, நாளைக்குப் போய்க்கலாம்னு."

இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. "ஏன் அண்ணி ஒரு வார்த்தைகூடக் கேக்கல?"

"கேட்டா அவரு வந்துருவாரா?" அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு நீ மலை எறங்கித்தான் போன. உன்ற வண்டியில பக்கத்து சீட்டு காலியாத்தான இருந்துச்சு?"

காலியாகத்தான் இருந்தது. அது இதுவரை அவனுக்கே தோன்றியதில்லை.

"உனக்கு நெஞ்சுல கோளாறில்லைன்னு சொன்னாங்களாம், பெருமாயி சொன்னா. நல்லாரு" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மிளகுக்குக் குனிந்தாள். அதற்கு மேல் நிற்க அங்கே அவனுக்கு ஒன்றும் இல்லை.

அர்த்தனாரி இப்போது வண்டி ஓட்டுகிறான். நாடியைத் தொட்டுப் பார்ப்பது குறைந்திருக்கிறது. பிரஷர் மெஷினைப் பெருமாயி எங்கோ எடுத்து வைத்துவிட்டாள், அவனும் தேடவில்லை. ஆனால் அவள் தோட்ட வேலையை விடவில்லை. இனி அவன் வருமானத்தை நம்பி இருக்கப்போவதில்லை என்பதை அவள் சொல்லாமலே காட்டிவிட்டாள். டாக்டர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பரவாயில்லைங்க என்கிறான். அது பொய்யும் இல்லை.

போன தையில் மாணிக்கத்தின் மகள் கோகிலாவுக்குச் சேந்தமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பாதான் முன்னால் நின்று எல்லாம் செய்ய வேண்டும். ஆனால் கண்ணாயி அந்த இடத்தில் தன் தம்பி தனபாலை நிறுத்தினாள். அர்த்தனாரிக்குப் பத்திரிகை வந்தது. கூடவே, சமையல் பாத்திரங்களைக் கீழே கொண்டுபோக வண்டி வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அண்டாக்களை ஏற்றிக்கொண்டு, சமையல்காரர் முருகானந்தத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இறங்கினான். இருபது வளைவு தாண்டியதும் நெஞ்சு படபடத்தது. ஓரம் கட்டினான். இந்தத் தடவை சக்கரத்துக்குக் கல் வைத்தான். சுவர்மேல் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி மூச்சை மெதுவாக விட்டான். கீழே சமவெளி வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது.

முருகானந்தம் இறங்கி வந்து, "ஏனுங்க, வண்டி சூடாயிருச்சுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றான் அர்த்தனாரி. "ஒரு பத்து நிமிஷம். அப்பறம் போயரலாம்."