பஸ் பார்க்கும் மாப்பிள்ளை

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரர் கொஞ்சம் சீக்கிரம் வந்தால்கூட ஏன் என்று கேட்பேன். அப்படிப்பட்டவள், மகளுக்கு வந்த வரனின் வாட்ஸப் படத்துக்குக் கீழே ‘பஸ் ஒடாகு’ என்று எழுதியிருந்தால் சும்மா விடுவேனா?

ஜாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளைக்கு விராலிமலை, அங்கேயே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இன்னும் பெண் பார்க்க வரவில்லை. ஆனால் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் பிடித்துவிட்டது என்பது அவள் சிரிப்பிலேயே தெரிந்தது. எனக்கு அதுதான் பயம்.

“அது என்னடி ஒடாகு?”

“ஜப்பான் வார்த்தைம்மா. ஒரு விஷயத்துல பைத்தியமா இருக்கறவங்கள அப்படிச் சொல்வாங்க. முன்னாடி கேலிக்குச் சொன்னது, இப்ப அவங்களே பெருமையாச் சொல்லிக்கிறாங்க. இவருக்கு பஸ்ஸுன்னா உசுரு.”

“பைத்தியம்னு அவனே எழுதி வச்சிருக்கான். அப்பறம் நம்ம எதுக்கு விசாரிக்கணும்?”

ஆனாலும் விசாரித்தேன். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை ஊர் டீக்கடையில் இரண்டு வார்த்தை கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். முருகனைக் கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் மாறி விராலிமலையில் இறங்கினேன்.

“தங்கமான புள்ளைங்க” என்றார் டீக்கடைக்காரர். “ஞாயித்துக்கெழமையானா கேமராவத் தூக்கிக்கிட்டு அந்தா, அங்கிட்டு ரோட்டோரமா நிப்பாப்ல. பஸ்ஸப் பாக்கவாம்.”

பஸ்ஸில் ஏறுவார்கள், பஸ்ஸை விடுவார்கள். வேலை மெனக்கெட்டு யாராவது பார்ப்பார்களா? பஸ்ஸில் வருகிற எவளையோ பார்க்கத்தான் நிற்கிறான் என்று என் புத்தி போனது.

பூப்போட்ட குடையை முகத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றேன். புளியமரத்தடியில் அவன். மதுரை பஸ், திருச்சி பஸ் என்று ஒவ்வொன்றுக்கும் கேமராவைத் தூக்கினான், சின்ன நோட்டில் எதையோ எழுதினான். இறங்கிய பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவு யோக்கியமா என்று அதற்கும் சந்தேகம் வந்தது. அடுத்த வாரமும் போனேன். மூன்றாம் வாரம் ஒரு கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றை அவன் கையில் கொடுத்தார். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தான். கஞ்சாதான், அதில் திமிர் வேறு என்று முடிவு கட்டினேன்.

இந்த இடம் வேண்டாம் என்றேன். காரணம் சொன்னால் துப்பறியப் போனது வெளியே வந்துவிடும், சொல்லவில்லை. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “காரணமில்லாம வேணாம்னா எப்புடி?” என்று என் கணவர் அவர்களை வரச் சொல்லிவிட்டார். சபையில் வைத்தே கேட்டுவிடலாம் என்று நானும் காத்திருந்தேன்.

பிடித்துப்போனால் அன்றே பூ வைத்துப் பேச்சை முடித்துவிடுவதாக, மல்லிகைப் பந்தோடு வந்தார்கள். காபியைக் குடித்து முடிக்கக்கூட விடவில்லை நான்.

“தம்பி, போன ஞாயித்துக்கெழம கண்டக்டர் ஒரு பொட்டலம் குடுத்தாரே, அதுல என்ன இருந்துச்சு?”

தவளை தன் வாயால் கெடும். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ கோயிலுக்குல்ல போன?”

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. “அத்தை, அந்தப் பூப்போட்ட கொடை நீங்கதானா?” போனை நீட்டினான். மூன்று வாரத்துப் படங்கள். எல்லாவற்றிலும் பஸ்ஸின் ஓரத்தில் என் குடையும் சேலையும்.

“அது பழைய பஸ்ஸோட ஹாரன் பந்துங்க, கையால அமுக்கி அடிக்கிற ரப்பர் பந்து. வண்டிய ஒடைக்கப் போட்டுட்டாங்க, கேட்டு வாங்குனேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “எல்லாரும் என்னைய ஒரு மாதிரியாத்தான் பாப்பாங்க அத்தை. மூணு வாரமா ஒருத்தவங்க ஏறாம நின்னு பஸ்ஸையே பாக்குறாங்களே, நம்மள மாதிரி இன்னொரு ஆளு இருக்காங்கன்னு அம்புட்டு சந்தோசம். அதான் சிரிச்சேன்.”

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அந்தச் சிரிப்பையா திமிர் என்றேன்? சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். மகள் பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கி நின்றாள்.

“என்னம்மா சொல்லட்டும்?”

“பூ வச்சுட்டுப் போகச் சொல்லுடி” என்றேன். “அந்த ஹாரன மட்டும் ஒரு தடவ கொண்டாந்து காட்டச் சொல்லு.”