கறுப்பு அங்கி போட்டவன்

எனக்குக் கோவையாக எழுத வராது. பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்திலிருந்து குமுளி ஏறும் பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் இருந்தார். மீசை நரைத்தவர். மடியில் பெட்டி, அதற்குள் ஒரு சூப்பர் ஹீரோவின் சிறு உருவம். பெட்டியின் மூலைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தபடியே வந்தார்.

"செவப்பு அங்கிக்காரன் வீட்ல இருக்கான்மா. கறுப்பு அங்கி இப்பத்தான் கெடச்சான். பெட்டியப் பிரிச்சா மதிப்பே போயிரும்."

கேரள செக்போஸ்டில் சோதிக்க ஏறியவர், "பெட்டி தொறக்கு" என்றார். இவருக்கு வியர்த்துவிட்டது. அன்னியரிடம் வாய் திறக்காத நான், "எம் பேரனுக்கு வாங்குன பொம்மை, சாரே" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தபடி இறங்கிப்போனார்.

"பொம்மைன்னுட்டீங்களேம்மா" என்றார் இவர். ஸ்டாண்டில் இறங்கும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்ததற்குச் சரியான பெயர் என்னவென்று தெரிந்தவர்கள் இதில் திருத்திப் போடுங்கள்.