அக்காவின் இறப்புச் சான்று

அன்றைக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது செல்போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. பாரிசிலிருந்து அண்ணன் ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று திரையில் மங்கலாகத் தெரிந்த முகத்தை வைத்துக் கண்டுகொண்டேன். “நீயே படி, என்ன கேக்குறாருன்னு பாப்போம்” என்று அக்காவிடம் நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, சத்தமாகவே படித்தாள்.

“தங்கச்சிக்கு அன்பு வணக்கம். தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. அடுத்தபடியாக உன் அக்காவின் இறப்புச் சான்று வேண்டும். அது இல்லாமல் நம் தலைமுறை முழுமை அடையாது.”

படித்துவிட்டுப் போனை என் மடியில் வைத்தாள். அடுப்பில் கொதித்த குழம்பை ஒருமுறை கிளறினாள்.

“போய் வாங்கிக் குடுத்துடு. ஆபீஸ்ல யாராச்சும் கேட்டா, ஆளு இங்கதான் மீன் கொழம்பு வச்சிக்கிட்டிருக்குன்னு சொல்லு.”

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று.

அண்ணன் என்று நான் சொல்வது என் பெரியப்பா மகனை. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் சொல்தா என்பார்கள். குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். அப்போது அண்ணன் அரைக்கால் சட்டைப் பையன். அங்கேயே படித்து, வேலைபார்த்து, ஓய்வும் பெற்ற பிறகு அவருக்கு வேர் தேடும் ஆசை வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். கணினியில் வம்ச மரம் ஒன்று வரைய ஆரம்பித்தார். உயிரோடு இருப்பவர்களுக்குப் பச்சைக் கட்டம், இறந்தவர்களுக்குச் சாம்பல் கட்டம்.

ஊரில் ஓடியாட ஓர் ஆள் வேண்டுமே. நான் இருந்தேன். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள், காரைக்கால் டவுனுக்குள்ளேயே வீடு, எந்த மேசையில் யாரைக் கேட்டால் எது நகரும் என்று தெரிந்தவள். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளிலிருந்து நகல் வாங்கிப் படம் பிடித்து அனுப்புவேன். எனக்கு அந்த எழுத்து கொடி படர்ந்த மாதிரி தெரியும். அவர் அங்கே உட்கார்ந்து படித்துச் சொல்வார். இங்கே நான் ஒரு கிழவரைப் பிடித்து விசாரிப்பேன், அங்கே அவர் அதைத் தேதியோடு பொருத்துவார். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அதில் பைத்தியம் பிடித்துத்தான் இருந்தது. வீட்டில் யாருக்குமே பெயர் தெரியாமல் போயிருந்த எங்கள் பூட்டியின் பெயர் ஒருநாள் கிடைத்தது. அந்தப் பெயரை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறந்த வாரமே போய்விட்ட ஒரு குழந்தைக்குக்கூட அண்ணன் ஒரு கட்டம் போட்டார். ஒருவரையும் விடக் கூடாது என்பார். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் காகிதம் வேண்டும் என்பார். வாய்ச்சொல்லை நம்ப மாட்டார்.

அப்படிப்பட்டவர்தான் என் அக்காவின் சாவுக்கும் காகிதம் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். தாத்தா காலத்தையே தோண்டிக்கொண்டிருந்ததில் அக்கா பேச்சு வரவில்லை, நானாகவும் எடுக்கவில்லை.

எங்கள் அப்பாவுக்கு அம்பகரத்தூர்ப் பக்கம் நிலம் இருந்தது. வீட்டில் வாரத்தில் பாதி நாள் மீன்தான். கடற்கரையிலிருந்து மீன் எங்கள் அடுப்படி வரைக்கும் வரலாம். அதைப் பிடிக்கிறவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். அக்கா அப்படி ஒரு கடற்கரைக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஐஸ் கம்பெனியில் வேலைபார்த்தவர். பதிவுத் திருமணம் முடித்துவிட்டு ஆள் மூலம் வீட்டுக்குச் செய்தி சொல்லி அனுப்பினாள்.

அப்பா கத்தவில்லை, தேடிப் போகவில்லை. அவளுக்குக் கருமாதி செய்தார். சும்மா வாயால் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்வது வேறு. இது ஐயரை வரவழைத்து, பங்காளிகளைக் கூட்டி, குளக்கரையில் மீசையை எடுத்துக்கொண்டு செய்த முழுக் காரியம். அக்காவின் பள்ளிக்கூடப் படம் ஒன்றுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். இரட்டைப் பின்னல், ரிப்பன், கன்னத்தில் மை அழிந்த படம். ஊருக்குச் சாப்பாடு, வடை பாயசத்தோடு. நான் பள்ளிக்கூடம் போகிற வயசு. அக்கா எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அதனால் இரண்டாவது வடையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மாவையும் அழச் சொன்னார்கள். அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். பின்னால் அம்மா செத்தபோது அக்கா தெருமுனை வரைக்கும் வந்து நின்றாள். சித்தப்பா உள்ளே விடவில்லை.

பெரியப்பாவுக்கு அப்பா கடிதம் போட்டார்: மூத்த பெண் இறந்துவிட்டாள், காரியம் முடிந்தது. அவ்வளவே. அங்கே அந்தக் குளிரில் பெரியம்மா எல்லோரையும் தலைக்குக் குளிக்கவைத்து விளக்கு ஏற்றியிருக்கிறாள். அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவர்கள் அழுத அழுகை சுத்தமான அழுகை. அதை நினைத்தால்தான் எனக்கு அப்பாமேல் இன்னும் ஆத்திரம் வருகிறது.

நான் வேலைக்கு வந்து டவுனில் குடியேறிய முதல் மாதமே அக்காவைத் தேடிப் போனேன். அன்றிலிருந்து இன்றுவரை அவள் வீட்டில் சாப்பிடுகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கடைத்தெருவில் அவளை எதிரே பார்த்தால் புடவைக் கடைப் பொம்மையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு போவார்கள்.

அந்த மீன் குழம்பு நாளன்று, சாப்பிட்டு முடித்ததும், அடுப்புக்கு முன்னால் கரண்டியோடு நின்ற அக்காவை ஒரு படம் எடுத்தேன். குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: “சான்று கேட்டிருந்தீர்கள். இதோ.”

குழுவில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், நீல டிக்கிலேயே அது தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாள் காலையில் யாரோ ரோஜாப்பூப் படம் போட்டு ‘இனிய காலை வணக்கம்’ சொன்னார்கள். அதற்கு வரிசையாகக் கைகூப்பினார்கள். போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அண்ணன் மட்டும் போன் செய்தார். பேச ஆரம்பித்துவிட்டு அழுதார். “இத்தனை வருசம் செத்தவளாவே நெனச்சிட்டேனே தங்கச்சி” என்றார். மரத்தில் அவள் கட்டத்தைப் பச்சை ஆக்கிவிடுவதாகவும், அவள் கணவர், பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். அன்று மாலையே சித்தப்பாவின் குரல் குழுவில் வந்தது. எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருக்கும் பெரியவர் அவர்தான்.

“ஏ புள்ள, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? எங்க அண்ணன் முறைப்படி காரியம் பண்ணி முடிச்சாரு, ஊரே வந்து சாப்ட்டுட்டுப் போச்சு. பண்ணுனது பண்ணுனதுதான். என் பேத்திக்குத் திருநள்ளாத்துல எடம் பேசி முடிச்சிருக்கு. கொலதெய்வப் படையலுக்கு அவங்களும் வர்றாங்க. நீ பாட்டுக்கு எதையாவது கெளப்பிவுட்டுக் கெடுத்துடாத.”

படையலுக்காகவே, வம்ச மரத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்துக் கோவிலில் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு, அண்ணன் பிரான்சிலிருந்து வந்தார். வந்த மறுநாளே, சித்தப்பாவிடம் சொல்லாமல், என்னோடு தருமபுரம் வந்தார். சாக்லேட், செண்ட் பாட்டில், ஒரு ஸ்வெட்டர். காரைக்கால் வெயிலில் ஸ்வெட்டர்! அக்கா வைத்த குழம்பை விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். சுவரில் மாலையோடு இருந்த அக்கா வீட்டுக்காரர் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புறப்படும்போது அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “ஒம் பேரைப் போட்டே தீருவேன்” என்றார்.

அதுவரைக்கும் அக்கா இதெல்லாம் எனக்கெதுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் படியிறங்கியதும் என்னை நிறுத்தினாள்.

“ஏண்டி, எம் பேரை மட்டும் போடுவாரா, எங்க வீட்டுக்காரர் பேரையும் புள்ளைங்க பேரையும் சேத்துப் போடுவாரா?”

“எல்லாத்தையும்தான் போடுவாரு.”

“அம்மா பேருக்கு நேர் கீழதான வரும்?”

“ஆமாங்க்கா.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை வருடமாக அவள் எதையுமே கேட்டதில்லை. சொத்தில் பங்கு கேட்கவில்லை, அம்மாவின் தோடு கேட்கவில்லை. முதல்முறையாகக் கேட்டது இந்தக் கட்டம்தான்.

படையல் அன்று கோவில் வேலியோரம் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். எங்கள் வம்சம் முழுக்க அதில் இருந்தது. நான் தேடித் தேடி எடுத்த பூட்டி பெயர் மேலே பளபளத்தது. பிறந்த வாரமே போன குழந்தையும் இருந்தது. அப்பா, அம்மா, அவர்களுக்குக் கீழே விரலை ஓட்டினேன். அக்கா பெயர் இருந்தது. சாம்பல் கட்டத்தில் இருந்தது. அந்த இரட்டைப் பின்னல் படம். பெயருக்கு அடியில் ‘மறைவு’ என்று போட்டு, அப்பா கருமாதி செய்த வருடம். அவளிடமிருந்து கீழே ஒரு கோடுகூடப் போகவில்லை. பக்கத்தில் பச்சைக் கட்டத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சித்தப்பா ஒத்துக்கவே இல்ல தங்கச்சி. ஒண்ணு இப்படிப் போடணும், இல்லன்னா பேரே வரக் கூடாதுன்னுட்டாரு. சுத்தமா இல்லாம இருக்கிறதுக்கு இது மேல் இல்லையா?”

“கொழம்பு நல்லாருந்துச்சா அண்ணே?” என்று மட்டும் கேட்டேன். எல்லாச் சாவுக்கும் காகிதம் கேட்ட மனிதருக்கு, இந்த ஒரு சாவுக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமாக இருந்தது.

ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்ற சம்பந்தி அம்மாள், “யாருங்க இது, சின்னப் புள்ளையா இருக்கு?” என்று கேட்டார். “சின்ன வயசுலயே போயிருச்சுங்க” என்றார் சித்தப்பா. “பாவம், லட்சணமா இருக்கு” என்றார் அந்த அம்மாள். நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா பேத்தி பட்டுப்பாவாடையும் தாவணியுமாக அந்த அம்மாள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தது. அதற்கு விஷயம் தெரியும் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பயந்துபோயிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மரத்தில் சாம்பலாக இருந்தவர்களில் தாத்தா காலத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள். அண்ணனின் ஏற்பாடு. பூசாரி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கற்பூரம் காட்டினார். தாத்தா பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். அடுத்து அக்கா பெயரைச் சொன்னார். எல்லோரும் கும்பிட்டார்கள். சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இலையில் சோறு, சாம்பார், வடை, பாயசம்; பக்கத்தில் ஒரு புதுப்புடவை.

படையல் முடிந்து எல்லோரும் பந்திக்கு நகர்ந்ததும் அம்மா இலைக்குப் பக்கத்து இலையை அப்படியே மடித்தேன். சணல் கட்டிப் பைக்குள் வைத்தேன். புடவையையும் எடுத்துக்கொண்டேன். சித்தப்பா வேகமாக வந்தார்.

“அது எங்க போவுது?”

“யாருக்குப் போட்டீங்களோ அவளுக்குத்தான் போவுது.”

அவர் சம்பந்தி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வழியை விட்டு விலகினார். நான் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினேன். பஸ்ஸிலேயே அந்தக் குழுவிலிருந்தும் வெளியே வந்தேன்.

அக்கா தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலிலேயே இருந்தாள். “போட்டாங்களா?” என்றாள். பொய் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். முடியவில்லை. போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, தன் கட்டத்தைக் கண்டுபிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அந்த ரிப்பனுக்கு நீ எவ்வளவு அழுவ, தெரியுமா?” என்றாள். பிறகு, “அம்மாவுக்குக் கீழதான் போட்டிருக்காங்க” என்றாள்.

என் பையைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். புடவையைத் தொடவில்லை. பொட்டலத்தை வாங்கித் தரையில் வைத்துப் பிரித்தாள். வேண்டாங்க்கா என்று கையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள்.

“விடுடி. எங்கப்பா வீட்டுச் சோறு.”

ஆறிப்போன சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். படையல் சமையலில் யாரும் ருசி பார்க்க மாட்டார்கள், அது அவளுக்கும் தெரியும். எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து, கிள்ளிப் போட்டுப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். வடையில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். நான் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

இலையை மடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“இது வருசா வருசம் போடுவாங்கள்ல?”

“போடுவாங்க.”

“நான் உசுரோட இருக்குற வரைக்கும் கொண்டாந்து குடுத்துரு. செத்தப்புறம் வேணாம்.”