பதுவையில் அண்ணாவின் பெயர்

கல்லின் குளிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது... பதுவை நகர் அந்தோனியாரின் கல்லறைக்குப் பின்பக்கம் ஒரு பெரிய கற்பலகை. வருகிறவர்கள் எல்லாரும் அதில் கை வைத்துத்தான் மன்றாடுவார்கள். வெளியே இத்தாலி வெயில் கொளுத்தியது. அந்தக் கல் மட்டும் சில்லென்று இருந்தது.

அம்மா இரண்டு கையையும் வைத்து, நெற்றியையும் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டது. அவர் நகரவே இல்லை.

தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோனியார். எங்கள் வீட்டில் கதவு பூட்டும் திறப்பைக் காணவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். அம்மா கேட்டது திறப்பை அல்ல. என் அண்ணா ஜெறோமை.

அப்பா முதலில் ஜெர்மனிக்கு வந்து, பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். அண்ணாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் அவனைக் கூப்பிடச் சட்டத்தில் இடமில்லை. சித்தியோடு இலங்கையில், வன்னியில் நின்றுவிட்டான். கடைசிச் சண்டை முடிந்து சனம் வெளியே வந்தபோது ஆமிக்காரர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் யாரும் இல்லை.

அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான் இந்தப் பயணம். ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழ்ச்சனம், பாதிப் பேர் சைவக்காரர். அந்தோனியாரிடம் போக யாரும் சமயம் பார்ப்பதில்லையே! இடியப்பமும் சம்பலும் மீன் பொரியலும் மணக்க மணக்க ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினோம். எனக்கு அப்போது தாதியர் பயிற்சி, அவுஸ்பில்டுங், இரண்டாம் வருடம். கிடைத்த லீவை இப்படிச் செலவழிக்கிறேனே என்று உள்ளுக்குள் புறுபுறுத்துக்கொண்டுதான் போனேன்.

எங்களோடு வந்த தமிழ்ப் பாதிரியாருக்கு, எங்கள் பேச்சில் சுவாமிக்கு, ஒரு சின்னப் பக்கக் கோயிலில் பூசை வைக்க இடம் கொடுத்திருந்தார்கள். தமிழில் பூசை, அதுவும் பதுவையில்... எல்லாருக்கும் கண் கலங்கியிருந்தது. மன்றாட்டு நேரம் வந்தது. சுவாமி இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நடுவில் ஒரு பெயர், ஜெறோம்.

அம்மா எழும்பிவிட்டார்.

"சுவாமி! நிப்பாட்டுங்கோ! என்ர பிள்ளை சாகேல்லை! ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அந்தக் குரல் கூரையில் போய் மோதியது. பெரிய கோயிலில் நின்ற வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. "அம்மா, இருங்கோம்மா, எல்லாரும் பாக்கினம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

வழியில் பஸ் நின்ற இடத்தில் அண்ணாவின் பெயரைச் சுவாமியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார் அப்பா. சுவாமி மனதுக்குள் நினைத்து ஒப்புக்கொடுப்பார், அம்மாவுக்குத் தெரியவராது என்று நம்பிவிட்டார், பாவம்.

"எங்கையெண்டாலும் அவன்ர ஆத்மா இளைப்பாறட்டும் எண்டுதான்..." என்று வெளியே வந்து சொன்னார்.

"நீங்கள் அவனைச் சாகடிச்சுப்போட்டியள்" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அப்பா ஒரு தோடம்பழத்தை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து நீட்டினார். அம்மா யன்னலைப் பார்த்தபடி இருந்தார். ஓஸ்திரியா முழுக்க அந்தப் பழம் அப்பாவின் கையிலேயே காய்ந்தது.

இப்போது அப்பாவும் இல்லை. பதுவைக்கு இன்றும் பஸ் போகிறது. இடியப்பப் பெட்டிக்குப் பதிலாக பீட்சாவாம், வீட்டில் இருப்பவர்களுக்குப் போனில், வீடியோக் கோலில் கல்லறையைக் காட்டுகிறார்களாம். அம்மாவைக் கேட்டால், "இனிப் போய் என்னத்தைக் கேக்கிறது?" என்பார்.

போன கல்லறைத் திருநாளுக்கு இங்கே பூசைக்கு அப்பாவின் பெயரைக் கொடுக்கப் புறப்பட்டேன். டிவியைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னார்.

"அண்ணான்ர பேரையும் சேத்துக் குடு, பிள்ளை."

"என்னம்மா சொல்றியள்?"

"ஓம். நானும் போனாப் பிறகு அவனுக்கு ஆர் பூசை குடுக்கிறது?"

கொடுத்தேன். இத்தனை வருடம், அம்மா உண்மையை ஏற்றுக்கொண்டால் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு மடத்தனம்.

அப்பாவின் பெயருக்குப் பிறகு அண்ணாவின் பெயரைச் சுவாமி சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். எழும்புவார், கத்துவார், சனம் திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மா மெல்லச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

அண்ணா எனக்கு அன்றைக்குத்தான் செத்தான்.